வக்கீல் கோழியின் ரத்தம்

கோழி ஆராய்ச்சி நிலையத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வாசல் காவலாளியிலிருந்து பெரிய டாக்டரம்மா வரை எல்லோருக்கும் அவர் ‘ஊசி’தான். கோழியை இடது கக்கத்தில் இடுக்கி, இறக்கையை விரித்து, அடியில் நாலு பூஞ்சிறகைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, நூல் மாதிரி ஓடும் நரம்பில் ஒரே குத்தில் ரத்தம் எடுத்துவிடுவார். குத்தினது கோழிக்கே தெரியாது என்று பீற்றிக்கொள்வார். கோழியைக் கேட்டால் அல்லவா தெரியும்! எப்படியோ, இருபத்திரண்டு வருஷத்தில் பதினோராயிரம் கோழிக்கு மேல் குத்திய கை அது.

கை எவ்வளவு நிதானமோ, வாய் அவ்வளவு ஓட்டை. நிலையத்தில் நடப்பதையெல்லாம் ஒன்றுவிடாமல் அக்காவிடம் போய்க் கொட்டாவிட்டால் அவருக்குத் தலை வெடித்துவிடும். இங்கே சொல்லப்போகிற கெடுதலில் பாதி அந்த வாயால் வந்தது. மீதிப் பாதி, அந்த வாய் ஒரே ஒரு நாள் அளந்து பேசியதால் வந்தது. யாரை நொந்துகொள்வது?

அக்கா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்ப்பவள். நோயாளிகளின் படுக்கை விரிப்புகளை இயந்திரத்தில் போட்டு எடுத்து, உதறி மடிப்பது அவள் வேலை. நான்கு வருஷத்துக்கு முன்னால் அங்கிருந்துதான் ஒரு காய்ச்சலை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். மாமா, அதாவது அக்காவின் வீட்டுக்காரர், பஸ் ஓட்டுநர். லீவு போட்டுவிட்டுக் கூடவே இருந்து பார்த்துக்கொண்டார். அவருக்கு ஒரு பழக்கம். அக்கா பாதி குடித்து வைக்கிற டீயை வீணாக்க மாட்டார். டம்ளரை எடுத்து ஒரே மடக்கில் குடித்துவிடுவார். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். காய்ச்சல் வீட்டிலும் அப்படியே குடித்தார். “என்ன வந்துடப்போகுது?” என்றார். அக்கா ஆறாம் நாள் எழுந்து உட்கார்ந்தாள். மாமா பதினோராம் நாள் போய்ச் சேர்ந்தார்.

துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அக்கா ஒரே கேள்வியைக் கேட்டாள். “ஒரே வீடு, ஒரே கட்டில், ஒரே டம்ளர். கொண்டாந்தவ நான். நான் குத்துக்கல்லு மாதிரி இருக்கேன், அவரு போயிட்டாரே, அது எப்படி?” விதி என்றார்கள், நேரம் என்றார்கள். அவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வாள். பிறகு அவளே பதிலும் சொல்வாள். “அந்த டம்ளரை நான் உடனே கழுவி வச்சிருக்கணும்.” இதே கேள்வி, இதே பதில், ஒரு வருஷம். ராத்திரியில் தூக்கமில்லை. சலவைக்கூடத்தில் ஆடும் இயந்திரத்தின்மேல் சாய்ந்தபடி கண்ணயர்ந்து இரண்டு முறை திட்டு வாங்கினாள்.

மாமா விட்டுப்போன சொத்து கொல்லையில் இருந்த இருபத்தாறு நாட்டுக்கோழிகள். அடுத்த வருஷம் தெருவில் கோழிக்காய்ச்சல் புகுந்தது. எட்டே நாள். கழுத்தைத் திருப்பிக்கொண்டு, மூச்சுக்குத் தவித்து, இருபத்தைந்து கோழிகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. ஒன்று மட்டும் மூன்று நாள் சுருண்டு கிடந்துவிட்டு நாலாம் நாள் எழுந்து தண்ணீர் குடித்தது. உடம்பெல்லாம் கறுப்பு, தொண்டையில் மட்டும் வெள்ளைப்பட்டை. போதாக்குறைக்கு வாய் ஓயாது. தீனி வைக்க ஒரு நிமிஷம் தாமதமானால் எதிரே வந்து நின்று நியாயம் கேட்கும். மாமாதான் அதற்கு ‘வக்கீல்’ என்று பெயர் வைத்தார்.

செத்ததையெல்லாம் குழி தோண்டிப் புதைக்க ஊசி வந்திருந்தார். கைகழுவும்போது சும்மா இருக்கக் கூடாதா?

“அக்கா, இதோட ரத்தத்துல அது இருந்திருக்கும்” என்றார்.

“எது?”

“ஒவ்வொரு உசுருக்குள்ளயும் எழுத்தெழுத்தா எழுதி வச்சிருக்குக்கா. பக்கம் பக்கமா. அதுல ஒரு குறிப்பிட்ட இடத்துல, ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தா போதும், இந்த வைரஸ் உள்ள போனாலும் பெருக முடியாது. கோழி ரெண்டு நாள் படுத்துட்டு எழுந்துடும். அந்த எழுத்து இல்லாத கோழி போயிடும். நாட்டுக்கோழிலதான் அது அங்கங்க இருக்கு. அதத்தான் நாங்க தேடிக்கிட்டு இருக்கோம்.”

“ஒரே தண்ணியக் குடிச்சாலுமா?”

“ஒரே தண்ணி, ஒரே கூண்டு. தண்ணில என்னக்கா இருக்கு?”

அக்கா வக்கீலையே பார்த்துக்கொண்டிருந்தாள். “மனுஷனுக்கும் அப்படித்தானாடா?”

“மனுஷனுக்கும் அதே மாதிரிதான். மாமா ரத்தத்துல அந்த எழுத்து இல்ல, உனக்கு இருந்துச்சு. நீ டம்ளரக் கழுவியிருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காது.”

கோழியைப் பற்றி அவர் சொன்னதற்கு நிலையத்தில் ஆதாரம் இருந்தது. மாமாவைப் பற்றிச் சொன்னதற்கு ஒரு ஆதாரமும் கிடையாது. அக்கா அழுவதைப் பார்க்கப் பொறுக்காமல் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டார். ஆனால் அக்கா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அன்று ராத்திரி ஒரு வருஷத்தில் முதல் தடவையாக விடியும்வரை தூங்கினாள். அதற்குப் பிறகு யாரிடமும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. யாராவது மாமா பேச்சை எடுத்தால், “அவரு ரத்தம் அப்படி, என்ன பண்றது” என்று சொல்லக் கற்றுக்கொண்டாள். மாலையில் வேலைவிட்டு வந்ததும் கொல்லைப்படியில் உட்கார்ந்து வக்கீலை மடியில் எடுத்து வைத்துக்கொள்வாள். “உனக்கும் எனக்கும் இருக்குடி” என்பாள். வக்கீல் அதற்கும் ஏதாவது எதிர்வாதம் வைக்கும். அக்காவின் நிம்மதி முழுவதும் அந்த ஒரு கோழியின் ரத்தத்தில்தான் நின்றது. தாங்குவதற்கு வேறெதுவும் இல்லை.

சந்தையில் புதுக்கோழிகள் வாங்கிக் கொல்லையில் விட்டாள். வக்கீலும் மறுபடி அடைகாத்தது. அதன் குஞ்சுகளில் மூன்று பெட்டைகள் தேறின. மூன்றும் தாயைப்போலவே கறுப்பு, தாயைப்போலவே வாயாடி.

போன வருஷம் நிலையத்தில் ஒரு பட்டியல் போட ஆரம்பித்தார்கள். எந்தெந்த வீட்டுக் கோழிகளில் அந்த எழுத்து இருக்கிறதோ அவையெல்லாம் பட்டியலில் ஏறும். நோய் வந்தால் அரசாங்கம் சுற்றுவட்டாரத்தில் உள்ள எல்லாக் கோழியையும் கொன்று புதைக்கச் சொல்லும் அல்லவா, அப்போது பட்டியலில் உள்ளவற்றை மட்டும் கொல்லாமல் நிலையத்தின் தனிக்கூடத்துக்குக் கொண்டுவந்து காப்பாற்றுவார்கள். ஊசி ஓடிப்போய் வக்கீல் பிழைத்த கதையைச் சொல்லி அக்காவின் வீட்டு முகவரியைக் கொடுத்தார். “உங்க சொந்தக்காரங்க கோழிக்கு நீங்க ரத்தம் எடுக்கக் கூடாது, விதி அப்படி” என்று சொல்லி டாக்டரம்மா வேறு இரண்டு பேரை அனுப்பினார்.

இங்கேதான் அந்த ஓட்டை வாய் வேலையைக் காட்டியது. எப்போதோ, வேறு ஏதோ சோதனையைப் பற்றி ஊசி அக்காவிடம் கொட்டியிருந்தார். நல்ல ரத்தம் என்று தெரிந்தால் கோழியைத் தூக்கிப்போய், கண்ணில் சொட்டு மருந்து விடுவதுபோல வைரஸை விட்டுப் பார்ப்பார்கள், பிழைத்தாலும் விட மாட்டார்கள், கடைசியில் எல்லாவற்றையும் முடித்துவிடுவார்கள், அதுதான் முறை என்று. பட்டியலுக்கு வெறும் ரத்தம் போதும், கோழி வீட்டைவிட்டு நகராது என்பதை அக்காவுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. தனக்குத் தெரிந்தது ஊருக்கே தெரியும் என்று நினைக்கிற ஆள்.

ரத்தம் எடுக்க வந்தவர்கள் கதவைத் தட்டியபோது அக்கா வக்கீலையும் அதன் மூன்று பெண்களையும் குளியலறைக்குள் கொண்டுபோய்ப் பெரிய கூடையைக் கவிழ்த்து மூடினாள். மேலே ஒரு ஈரப்போர்வையும் போட்டாள். இருட்டினால் கோழி வாயை மூடிக்கொள்ளும். “இவ்வளவுதாம்மா இருக்கு” என்று சந்தையில் வாங்கிய பதினாலைக் காட்டினாள். அவர்கள் பதினாலு குப்பி ரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

பதினாலில் ஒன்றிலும் அந்த எழுத்து இல்லை. அக்காவின் வீடு பட்டியலில் ஏறவில்லை. டாக்டரம்மா தாளை ஊசியிடம் நீட்டி, “அந்தக் கறுப்புக்கோழி பொழச்சது அதிர்ஷ்டம்தான் போலிருக்கு” என்றார். அந்தத் தாளில் ஒவ்வொரு கோழிக்கும் எண், நிறம், வயது, கடைசியில் முடிவு என்று வரிசையாக எழுதியிருந்தது. ஊசி கடைசிக் கட்டத்தை மட்டும் பார்த்தார். இருபத்திரண்டு வருஷமாக அவருக்குக் கோழி என்றால் எண், எண்ணுக்கு எதிரே முடிவு. விரலைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தியிருந்தால் சிவப்பு, பழுப்பு, புள்ளி, வெள்ளை என்று பார்த்திருப்பார், கறுப்பு ஒன்றுகூட இல்லையே என்று கேட்டிருப்பார். நகர்த்தவில்லை.

அக்காவிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் ஒரு வாரம் தள்ளிப்போட்டார். மறுபடி டம்ளர் பேச்சு கிளம்பிவிடுமோ என்ற பயம். கடைசியில் தயங்கித் தயங்கிச் சொன்னார். “பதினாலுலயும் இல்லக்கா.”

“அப்படியா?” என்றாள் அக்கா. அவ்வளவுதான். எழுந்துபோய் உலர்ந்த துணிகளை எடுத்துவந்தாள். முகத்தில் ஒரு வாட்டமும் இல்லை. அப்பாடா, அக்கா அதையெல்லாம் மறந்துவிட்டாள், இனி ஆதாரம் அது இது என்று எதுவும் அவளுக்குத் தேவையில்லை என்று ஊசி நினைத்துக்கொண்டார்.

இந்த வருஷம் நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் இருந்த பெரிய பண்ணையில் காய்ச்சல் வந்தது. மறுநாளே உத்தரவும் வந்தது. பண்ணையைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் வட்டத்துக்குள் ஒரு கோழி உயிரோடு இருக்கக் கூடாது, சாயந்தரம் ஐந்து மணிக்குள் முடிக்க வேண்டும். அக்காவின் தெரு வட்டத்துக்குள் இருந்தது. ஆள் பற்றாக்குறையால் நிலையத்து ஆட்களையும் அனுப்பினார்கள். ஊசி அந்தத் தெருவைத் தனக்குக் கேட்டு வாங்கிக்கொண்டார். முன்பின் தெரியாதவன் வந்து காலைப் பிடித்துத் தூக்குவதைவிடத் தன் கையால் நடக்கட்டும் என்று நினைத்தார்.

காலை பத்து மணிக்கு வெள்ளை உடுப்பும் பாதுகாப்புக் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு அவர் வாசலில் நின்றபோது அக்காவுக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. தெரிந்ததும் வழியைவிட்டு விலகி நின்றாள். கொல்லையில் பதினாலு கோழிகள் மேய்ந்துகொண்டிருந்தன. கூட வந்தவன் விஷவாயுப் பெட்டியைத் திறந்து வைத்தான். மூன்றாவது கோழியைப் பிடிக்கும்போது குளியலறைக்குள்ளிருந்து கொக்கரிக்கும் குரல் கேட்டது. ஊசிக்கு அந்தக் குரல் நன்றாகத் தெரியும். போய்க் கதவைத் திறந்து கூடையைத் தூக்கினார். வக்கீலும் மூன்று பெண்களும் அண்ணாந்து அவரைப் பார்த்தன.

“ஏன்க்கா ஒளிச்சு வச்சே? ஒண்ணையும் விடக் கூடாதுக்கா, என் கையில இல்ல.”

“இது நாலும் அன்னிக்கும் இங்கதான் இருந்துச்சு” என்றாள் அக்கா.

“என்னைக்கு?”

“உங்க ஆளுங்க ரத்தம் எடுக்க வந்த அன்னிக்கு. நீதானடா சொன்ன, கண்ணுல கிருமிய ஊத்திக் கொன்னுடுவாங்கன்னு? நான் சந்தைக்கோழியத்தான் காட்டினேன்.” அவர் கையைப் பிடித்தாள். ரப்பர் உறைமேல் அவள் விரல்கள் வழுக்கின. “இப்ப எடுத்துக்கடா. இதுங்க ரத்தத்த எடு. நிச்சயமா இருக்கும். பட்டியல்ல போட்டுத் தூக்கிட்டுப் போயிடு. கண்ணுல எதையாவது விட்டாலும் பரவால்ல, இதுங்க தாங்கும்.”

ஊசி கூடையை மறுபடி கவிழ்த்து மூடினார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு டாக்டரம்மாவுக்குப் போன் போட்டார். டாக்டரம்மா கெட்ட மனுஷி இல்லை. முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு, “முன்னாடியே பட்டியல்ல இல்லாத பறவைய வட்டத்துக்குள்ளேருந்து வெளிய கொண்டுவர முடியாது. பரிசோதனை முடிய ரெண்டு நாள் ஆகும், அவங்க குடுத்திருக்கறது அஞ்சு மணி. நான் யார்கிட்ட போய்க் கேக்கறது, சொல்லுங்க?” என்றார். போனை வைப்பதற்கு முன் ஒன்று சொன்னார். “ரத்தம் மட்டும் எடுத்து மூடி சீல் வச்சுக் கொண்டாங்க. உண்மையாவது தெரியட்டும்.”

நாலு கோழிக்கும் ரத்தம் எடுத்தார். வக்கீலின் இறக்கையில் மூன்று முறை குத்த வேண்டியிருந்தது. அக்கா உள்ளே போய்க் குழாயை முழுக்கத் திறந்துவிட்டாள், தண்ணீர் வாளி நிரம்பி வழிந்து சமையலறைத் தரையெல்லாம் ஓடியது. வக்கீலைக் கடைசியாகத்தான் பெட்டியில் வைத்தார். மூடி அழுந்தி மூடும்வரை அது எதையோ எடுத்துச் சொல்லிக்கொண்டே இருந்தது. பிறகு கூட வந்தவன் கொல்லை முழுக்கச் சுண்ணாம்புத்தூள் தூவினான். அவர்கள் அடுத்த வீட்டுக்குப் போனார்கள்.

பரிசோதனையை ஊசியே செய்தார். அவர் வேலை ரத்தம் எடுப்பதோடு சரி, இருந்தாலும் டாக்டரம்மா பக்கத்தில் நின்று செய்யவிட்டார். இரண்டாம் நாள் மத்தியானம் விளக்கொளியில் கோடுகள் தெரிந்தன. மூன்று பெண்களிலும் அந்த எழுத்து இருந்தது. வக்கீலில் தாய்வழி, தகப்பன்வழி இரண்டிலுமே இருந்தது. பட்டியலில் இருந்த எந்தக் கோழியிலும் இவ்வளவு தெளிவாக இருந்ததில்லை. “உங்க அக்காகிட்ட சொல்லிடுங்க. அவங்க வளத்தது சாதாரணக் கோழி இல்ல” என்றார் டாக்டரம்மா.

ஊசி தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். இதைப்போய் எந்த வாயால் சொல்வது? அன்று ஒரு கூடையைக் கவிழ்க்காமல் இருந்திருந்தால் நாலும் இன்றைக்கு நிலையத்துக் கூடத்தில் தீனி பொறுக்கிக்கொண்டிருக்கும். கவிழ்த்தது அக்காவின் கை. ஒரு டம்ளருக்கே ஒரு வருஷம் தூங்காதவள் இந்தக் கூடையை எத்தனை வருஷம் சுமப்பாள்! முடியவே முடியாது. வாழ்க்கையில் ஒரு தடவையாவது இந்த வாயைக் கட்டிப்போட வேண்டும் என்று முடிவு செய்தார். இல்லை என்று சொல்லிவிட்டால் போயிற்று. போன வருஷமும் இல்லை என்றுதானே சொன்னோம், அக்கா கலங்கவே இல்லையே.

சனிக்கிழமை மாலை போனார். அக்கா கொல்லைப்படியில் உட்கார்ந்திருந்தாள். தரையில் சுண்ணாம்பு இன்னும் வெள்ளையாகக் கிடந்தது.

“வந்துடுச்சா?” என்றாள்.

“வந்துடுச்சு.”

“இருந்துச்சா?”

“இல்லக்கா. நாலுலயும் இல்ல. நீ அன்னிக்கே காட்டியிருந்தாலும் பட்டியல்ல சேத்திருக்க மாட்டாங்க. எப்படியும் இதான் நடந்திருக்கும். உன்மேல ஒரு தப்பும் கிடையாது.” தடுமாறாமல் சொல்லிவிட்டோம் என்று உள்ளுக்குள் ஒரு சின்னப் பெருமைகூட அவருக்கு வந்தது. பாவி மனுஷன்.

அக்கா திரும்பிப் பார்த்தாள். “வக்கீலுக்குமா?”

“வக்கீலுக்கும்தான்.”

“அப்ப அது எப்படிப் பொழச்சுது?”

“சும்மாதான்க்கா. அதிர்ஷ்டம்.”

அக்கா முழங்காலைக் கட்டிக்கொண்டு முன்னும் பின்னும் மெதுவாக ஆடினாள். அழவில்லை. “அப்ப ரத்தம், எழுத்து எல்லாம் ஒண்ணும் இல்ல” என்றாள். “எங்கேயும் ஒண்ணும் எழுதல. உங்க மாமாவுக்கும் ஒண்ணும் எழுதல. நான் கொண்டாந்தேன், நான் குடிச்ச மிச்சத்தக் குடிச்சாரு, போயிட்டாரு. அவ்வளவுதான்.”

அப்போதுதான் ஊசிக்கு உறைத்தது. போன வருஷம் அக்கா கலங்காமல் இருந்ததற்குக் காரணம், சோதித்தது வக்கீலின் ரத்தம் இல்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்ததுதான். இந்த மூன்று வருஷமும் அவள் எதைப் பிடித்துக்கொண்டு நடமாடினாளோ அதைத் தன் வாயாலேயே பிடுங்கிப் போட்டாயிற்று. பதறிப்போய்ச் சட்டைப்பையில் கையை விட்டார்.

“அக்கா, பொய் சொன்னேன். இருந்துச்சு. நாலுலயும் இருந்துச்சு. வக்கீலுக்கு ரெண்டு பக்கமும் இருந்துச்சு. நீ கூடைய நினைச்சு வருத்தப்படுவியேன்னு சொன்னேன். இந்தா, நீயே பாரு.”

அக்கா தாளை வாங்கிப் பார்த்தாள். சாம்பல் நிறத்தில் ஒரு படம், அதில் வெள்ளையாகச் சில கோடுகள். அவளுக்கு அதில் என்ன தெரியும்? மடித்து அவர் பையிலேயே திரும்ப வைத்தாள்.

“சின்னப் பிள்ளையிலேருந்தே நீ இப்படித்தான். நான் அழப்போறேன்னு தெரிஞ்சா எதையாவது சொல்லிடுவ. இருபத்தஞ்சையும் புதைச்ச அன்னிக்கும் அப்படித்தான் சொல்லியிருக்க. எனக்குத்தான் புரியல.”

“சத்தியமாக்கா. டாக்டரம்மாகிட்ட வேணும்னா கேளு, இப்பவே போன் போடறேன்.”

“அவங்களையும் அப்படிச் சொல்லச் சொல்லி வச்சிருப்ப.” அவர் தலையை ஒருமுறை தடவிக்கொடுத்தாள். “விடுடா. எனக்காக எவ்வளவுதான் பொய் சொல்லுவே?”

ஊசி அன்று இருட்டும்வரை அந்தப் படியில் உட்கார்ந்து நடந்ததை நடந்தபடியே திரும்பத் திரும்பச் சொன்னார். அக்கா எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தலையாட்டிக்கொண்டே இருந்தாள்.